ஊர்க் கதை: நாமக்கல் குன்றைக் குடைந்த அதியர் குலத்து அரசன்

நாமக்கல் என்றதும் முட்டை, லாரி, 18 அடி உயர ஆஞ்சநேயர்... இந்த மூன்றும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த ஆஞ்சநேயர் கைகூப்பி வணங்கி நிற்பது எதிரே உள்ள நரசிம்மரை. நரசிம்மர் கோயிலுக்குள் போகிறவர்களிலும் பலர், மூலவரைச் சேவித்து, தீர்த்தம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பக்கச் சுவர்களில் சுமார் 1,200 ஆண்டுகளாகக் காத்திருக்கும் சிற்பங்கள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

கட்டியதல்ல, குடைந்தது!

ஊரின் நடுவே சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது நாமகிரி. உச்சியில் கோட்டை. மேற்கு அடிவாரத்தில் நரசிம்மர், கிழக்கு அடிவாரத்தில் அரங்கநாதர். இரண்டு கருவறைகளும் 8-ம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டவை. இன்று நாம் முதலில் நுழையும் முன்மண்டபங்கள் பிற்காலத்தில் கட்டிச் சேர்க்கப்பட்டவை. அதனால், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒரு குடைவரை இருப்பதே தெரியாது.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாக, விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டு கல்வெட்டில் 7-ம் நூற்றாண்டிலேயே பெருமைப்பட்டுக்கொண்டவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மன். நாமக்கல்லும் அந்த வழியில் வந்ததுதான்.

குடைவரையில் தூணை யாரும் கொண்டுவந்து நடுவதில்லை. சுற்றியுள்ள பாறையை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சி நிற்பதுதான் தூண். உளி ஓரிடத்தில் தவறினாலும் அந்தக் கல்லை மாற்ற முடியாது. ஒரே வாய்ப்பு!

யார் செய்தது?

பல்லவரா, பாண்டியரா? இரண்டு பேருமில்லை. அரங்கநாதர் குடைவரையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, அதற்கு 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்று பெயர் சொல்கிறது. எடுத்தவர் அதியர் குலத்துக் குணசீலன். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தகடூரை, அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அந்தச் சங்ககால வள்ளலின் குலப்பெயர், பல நூற்றாண்டுகள் கழித்து இந்தப் பாறையில் மறுபடி ஒலிக்கிறது. பெரிய பேரரசுகளுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றரசு விட்டுச்சென்ற முகவரி இது.

எதைப் பார்க்கலாம்?

நரசிம்மர் குடைவரையின் பக்கச் சுவர்களில் வராகர், இரணியனை வதைக்கும் நரசிம்மர், உலகளந்த திரிவிக்கிரமர், பாம்பணையில் அமர்ந்த வைகுண்ட நாராயணர். தானம் கேட்டு நிற்கும் குள்ள வாமனனையும், அவனே வளர்ந்து காலை உயரத் தூக்குவதையும் ஒரே காட்சியில் செதுக்கியிருக்கிறார்கள். கதை தெரியாத குழந்தைக்கும் புரிந்துவிடும்.

மலையின் மறுபக்கம் போனால், பள்ளிகொண்ட அரங்கநாதரோடு, பாதி சிவன், பாதி திருமாலாக நிற்கும் சங்கரநாராயணரையும் பார்க்கலாம்.

உளிக்குக் கிடைத்த அதே ஒரே வாய்ப்புதான் நமக்கும். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு மழுங்கிய விரலையோ, உடைந்த மூக்கையோ இந்தப் பாறையில் திரும்ப வைக்க முடியாது. அடுத்த முறை நாமக்கல் போனால், தரிசனம் முடிந்ததும் இரண்டு நிமிடம் நின்று, பக்கச் சுவர்களைப் பாருங்கள். கண்ணால் மட்டும்!