ஹாஸ்டலுக்கு வெளியே இரண்டு நாள்

சென்னைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் பலருக்கு மூன்று வருடமும் ஹாஸ்டல், காலேஜ், பஸ் ஸ்டாப் என்றே ஓடிவிடுகிறது. சனி, ஞாயிறு வந்தால் துணி துவைப்பது, மதியம் வரை தூங்குவது, மிச்ச நேரத்துக்கு செல்போன். மால், சினிமா என்று கிளம்பினால் வீட்டிலிருந்து வந்த பணம் ஒரே நாளில் கரைகிறது.

மியூசியம், கச்சேரி, ஓவியம் என்றாலோ, ‘அதெல்லாம் விஷயம் தெரிந்தவர்களுக்கு, நமக்கில்லை’ என்ற தயக்கம். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம்.

சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை டிபனை முடித்துவிட்டு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறாள். 1851-ல் தொடங்கிய இடம். படிமக்கூடத்தில் அர்த்தநாரீஸ்வரர் நிற்கிறார். சிவன் பக்கம் இரண்டு கைகள், உமை பக்கம் ஒரு கை. தோள், இடுப்பு, உடை எல்லாம் இரு பக்கமும் வேறு வேறு. ஆனாலும் பார்வைக்கு ஒரே உடல்.

அந்தச் சிலை கிடைத்த ஊர் திருவெண்காடு. சீர்காழிக்குப் பக்கத்து ஊர்தான்! ‘நமக்கில்லை’ என்று அவள் நினைத்த இடத்தில் அவளுடைய ஊர்க்காரர் ஏற்கெனவே வந்து நிற்கிறார்.

இதற்குப் பிறகு எல்லாக் கூடங்களையும் ஓட்டமாகச் சுற்ற வேண்டியதில்லை. அந்த ஒரு சிலை முன்னால் அரை மணி நேரம் நின்றாலே போதும். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு சிலையைப் போல அச்சு அசலாக இன்னொன்று கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

வெயில் ஏறினால் அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். 1896-ல் திறந்தது. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. பாடப் புத்தகம் அல்லாத ஒன்றை எடுத்துப் புரட்ட நல்ல இடம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்து 1966-ல் தொடங்கியது. ஓவியத்தை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாத காலம் அது. பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் தங்களுக்கென்று ஓர் இடத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ‘பிடித்ததைப் படித்தால் பிழைப்பு நடக்குமா?’ என்று கவலைப்படும் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

டிசம்பர் மாதமாக இருந்தால் சபாக்களில் மதியக் கச்சேரி. பல சபாக்களில் மதிய நேரத்துக்கு டிக்கெட் கிடையாது. பெரும்பாலும் இளம் கலைஞர்கள்தான் பாடுவார்கள். ராகத்தின் பெயர் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். கேட்கக் காது இருந்தால் போதும்.

செலவுக்கும் பயப்பட வேண்டாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலும், புளிசாதமோ தயிர்சாதமோ ஒரு டப்பாவில் இருந்தால் மதியச் சாப்பாடும் முடிந்தது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு நாளைக்கு ஓர் இடம், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போனால் கால்வலிதான் மிச்சம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறு ராத்திரி போன் செய்யும்போது, “ஊர் சுத்தாம படிச்சியா?” என்று ஆரம்பிக்காமல், “இந்த வாரம் என்னம்மா பார்த்தே?” என்று கேட்டுப் பாருங்கள். திருவெண்காட்டு சாமியைப் பற்றி மகள் உங்களுக்கே கதை சொல்வாள்.