வெறுங்காலும் வெற்றியும்

மாலை வேளையிலே பாடசாலை மைதானத்தின் ஓரத்தில் நின்று மாணவர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எமது நெடுநாளைய வழக்கம். இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கிய ஒரு நாள், நெடுந்தூரம் ஓடும் மாணவன் ஒருவன் எம்மிடம் வந்து, ஓடுவதற்கேற்ற சப்பாத்து ஒரு சோடி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நாம் மறுமொழி கூறுமுன்னரே அருகில் நின்ற பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார். "தம்பி, எதியோப்பியாவிலே பிகிலா என்றொருவன் வெறுங்காலோடு ஓடி உலகத்தையே வென்றான். உனக்கு மட்டும் சப்பாத்து வேணுமோ?" என்றார். மாணவன் தலையைக் குனிந்துகொண்டு அப்பாற் சென்றான்.

பெரியவர் கூறியது பொய்யன்று. ஆயினும் அது கதையிற் பாதியே. பாதிக் கதை சில வேளைகளிற் பொய்யைவிடத் தீங்கு செய்துவிடும். ஆகவே முழுக் கதையையும் இவ்வாரம் கூறிவிட எண்ணினோம்.

எதியோப்பியா ஒலிம்பிக் விளையாட்டு விழாவில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1956ஆம் ஆண்டில், மெல்பேண் நகரிலே. ஒரு சிறு குழு சென்றது. பதக்கம் எதுவுமின்றித் திரும்பியது. அந்நாட்டை அன்று விளையாட்டுலகம் பொருட்படுத்தவில்லை. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆந் தேதி மாலை, உரோமாபுரியிலே மரதன் ஓட்டம் தொடங்கியபோது, வெறுங்காலோடு நின்ற அபேபே பிகிலாவைக் கண்டு வியந்தோர் பலர். அவர் வெல்லுவார் என எதிர்பார்த்தோர் மிகச் சிலர்.

பொழுது சாய்ந்தது. பழைய அப்பியன் வீதியிலே போர்வீரர்கள் தீப்பந்தங்களை ஏந்தி நின்று வழிகாட்டினர். ஏனையோர் ஒவ்வொருவராகப் பின்தங்க, அபேபேயும் மொறோக்கோ நாட்டின் றாடி பென் அப்தசலாமும் மாத்திரம் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தனர். முடிவிடத்தை நெருங்கும் வழியிலே ஒரு கற்றூண் நின்றது. 24 மீற்றர் உயரமுடைய அத்தூண் எதியோப்பியாவின் பண்டைத் தலைநகராகிய அக்சூமிலே ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்னர் செதுக்கப்பட்டது. 1935இல் முசோலினியின் படைகள் எதியோப்பியாவினுட் புகுந்தன. 1937இல் வெற்றிச் சின்னமாக அத்தூணைப் பெயர்த்து உரோமாபுரிக்குக் கொண்டுவந்து நாட்டினர். தன் நாட்டிலிருந்து கவர்ந்து வரப்பட்ட அந்தக் கல்லை ஓர் எதியோப்பியப் போர்வீரன் வெறுங்காலோடு கடந்து ஓடினான். அதன் பின்னர் அபேபே வேகத்தைக் கூட்டினார். றாடியால் ஈடுகொடுக்க முடியவில்லை. கொன்ஸ்தந்தீன் பேரரசனின் வெற்றி வளைவின் அருகே ஓட்டம் முடிந்தபோது, நேரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. அதுவரை உலகில் எவரும் மரதன் தூரத்தை அத்துணை விரைவாக ஓடியதில்லை. கறுப்பின ஆபிரிக்கர் ஒருவர் ஒலிம்பிக்கிலே பெற்ற முதற் தங்கப் பதக்கமும் அதுவே.

இதுவரை பெரியவர் அறிந்த பாதி. இனி மற்றப் பாதிக்கு வருவோம்.

அபேபே காட்டிலிருந்து நேரே ஓடி வந்தவரல்லர். அவர் பேரரசரின் மெய்காவற் படையிலே பணியாற்றியவர். அந்நாட்டு அரசாங்கம் சுவீடன் நாட்டிலிருந்து ஒனி நிஸ்கனென் என்னும் பயிற்றுநரை வரவழைத்திருந்தது. அவர் அபேபேயின் திறமையைக் கண்டறிந்து, ஓட்டத்தின் நேரத்தைக் கணக்கிட்டு, முறையாகப் பயிற்றினார். அடிஸ் அபாபா நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,300 மீற்றருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றில் ஒட்சிசன் குறைவு. அக்குறையை ஈடுசெய்ய உடல் தன் குருதியிலே செங்கலங்களைப் பெருக்கிக்கொள்கிறது. ஆனால் மலைநாட்டிற் பிறந்தோர் யாவரும் மரதன் வீரராவதில்லை. மலை கொடுத்தது ஒரு பங்கு. நாள்தோறும் செய்த பயிற்சி கொடுத்தது மறுபங்கு.

வெறுங்காலின் இரகசியமும் எளியதே. கிடைத்த புதிய சப்பாத்து காலுக்கு ஒத்துவரவில்லை, கொப்புளம் எழுந்தது. வெறுங்காலோடு ஓடிப் பழகியவராதலால், அவ்வாறே ஓடுவதென முடிவாயிற்று. அது சூளுரையுமன்று, வறுமையைப் பறைசாற்றும் முயற்சியுமன்று. பொருந்தாத சப்பாத்தினும் பழகிய பாதம் மேலென்று கண்ட ஒருவரின் நடைமுறை அறிவு, அவ்வளவே.

1964இல் தோக்கியோ ஒலிம்பிக் வந்தது. ஓட்டத்துக்கு ஆறு கிழமைக்கும் குறைவான காலம் இருக்கையில் அபேபேக்குக் குடல்வால் அழற்சி கண்டு சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. அப்படியிருந்தும் அவர் சென்றார். இம்முறை காலிலே சப்பாத்தும் காலுறையும் இருந்தன. 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் ஓடி முடித்து, இரண்டாமவர் வருவதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் இருக்க, புற்றரையிலே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே. 1968இல் மெக்சிக்கோ நகரிலே காற் காயத்தால் அவர் இடைவழியில் விலகியபோது, தோழர் மாமோ வோல்டே ஓடி வென்றார். மெல்பேணிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய குழுவில் இருந்தவர் இந்த மாமோ. பன்னிரண்டு ஆண்டு பொறுத்திருந்து, தமது 36ஆவது வயதிலே தங்கம் பெற்றார்!

கால்கள் மாத்திரம் வல்லனவாயிருத்தல் போதாதென்பதற்கு மிருட்ஸ் இப்டர் சான்று. 1972இல் 10,000 மீற்றரில் வெண்கலம் பெற்ற இவர், 1976இல் மொன்றியால் சென்றும் ஓடவில்லை. நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுக்கு நியூசிலாந்தின் றகர் அணி சென்றமையை எதிர்த்து ஆபிரிக்க நாடுகள் பலவும் விழாவைப் புறக்கணித்தன. அந்த எதிர்ப்பு நேர்மையானது. ஆயினும் அதற்குரிய விலையைச் செலுத்தியவர்கள் ஓட்டக்காரரே. 1980இல் மொஸ்கோவிலே 5,000, 10,000 மீற்றர் இரண்டையும் இப்டர் வென்றார். 1992இல் பார்சலோனாவிலே 10,000 மீற்றரை வென்ற எதியோப்பிய நங்கை டெரார்ட்டு டுலு, இரண்டாவதாக வந்த தென்னாபிரிக்க வெள்ளையினப் பெண் எலானா மேயருடன் கைகோத்து மைதானத்தை வலம் வந்தபோது, அந்த நீண்ட வழக்கும் ஒருவாறு தீர்ந்தது எனலாம்.

அபேபேயின் கதை அத்தனை இனிதாக முடியவில்லை. 1969இல் மோட்டார் வண்டி விபத்தொன்றிலே அவருடைய கால்கள் செயலிழந்தன. உலகம் புகழ்ந்த அந்தக் கால்கள் போயின; ஆனால் போட்டியிடும் மனம் போகவில்லை. இங்கிலாந்திலே சிகிச்சை பெற்றார்; 1970இல் சக்கர நாற்காலியில் இருந்தவாறே வில்வித்தையிலும் மேசைப் பந்தாட்டத்திலும் போட்டியிட்டார். 1973இல், 41ஆவது வயதில் காலமானார். அக்சூம் தூண் 2005இல் தாயகம் மீண்டு, 2008இல் பழைய இடத்தில் நிமிர்ந்தது. அதைக் காண அவர் இருக்கவில்லை. 2024இல் பாரிஸ் மரதனை வென்ற தமிறாட் டோலா என்னும் எதியோப்பியர் எடுத்த நேரம் 2 மணி 6 நிமிடம் 26 விநாடி.

பெற்றோரே, ஆசிரியரே, நாம் சொல்ல விழைவது இதுதான். பிகிலாவின் வெறுங்காலைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தடை கண்டு சோராதிருக்க அது உதவும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பயிற்றுநரும், ஒழுங்கான உணவும், பல்லாண்டுப் பயிற்சியும், அனுப்பிவைத்த ஒரு நாடும் இருந்தமையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாமையைத் தாங்குவது பிள்ளையின் வீரம். அந்த வீரத்தைப் புகழ்ந்துகொண்டே இல்லாமையை நீடிக்கவிடுவது பெரியோரின் குற்றம்.

மறுநாள் மாலை இக்கதை முழுவதையும் அந்த மாணவனுக்குச் சொன்னோம். அவன் சிறிது நேரம் மணலிலே விரலாற் கணக்குப் போட்டான். பின்னர் நிமிர்ந்து, "சேர், சப்பாத்துப் போட்டு ஓடினபோது மூன்று நிமிடமும் ஐந்து விநாடியும் குறைவு" என்றான்.

கணக்குச் சரிதான். அடுத்த பெற்றோர் சங்கக் கூட்டத்தில் அதனை அப்படியே சமர்ப்பிக்க எண்ணியுள்ளோம்.