வண்ணத்தின் மேல் வண்ணம்



திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். நீல நூலைப் பாவாக ஓட்டி, அதன் குறுக்கே பச்சை நூலை ஊடையாகச் செலுத்தினால் விளைவது நீலமுமன்று, பச்சையுமன்று. மயில் கழுத்து நிறம் என்பதை அவ்வூரார்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நேரே பார்த்தால் ஒரு நிறம், சற்றே சாய்த்துப் பிடித்தால் வேறொரு நிறம். இந்த விந்தையை அறிந்த நெசவுக் குடும்பத்தாரும்கூட, உருவமில்லாத நவீன ஓவியத்தின் முன் நின்றால், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு நகர்ந்துவிடுகின்றனர். அவர்களை மனத்திற்கொண்டே இம்மாதம் ஓவியர் ஆதிமூலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கே.எம். ஆதிமூலம் 1938ஆம் ஆண்டு திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்தவர். ஓவிய ஆசையோடு சென்னைக்கு வந்த அந்தக் கிராமத்து இளைஞருக்குச் சிற்பி எஸ். தனபால் வழிகாட்டினார். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த அரசு ஓவியப் பள்ளியில் பயின்று 1966இல் வெளிவந்தார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவரை எத்தனையோ கோட்டோவியங்களாக வரைந்தார். கறுப்பு மையும் வெள்ளைத் தாளுமே கருவி. வண்ணத்திற்கு அங்கே இடமில்லை. பின்னர் மகாராஜாக்களை வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'யைத் தொடராகப் படித்தவர்கள் அவருடைய கோடுகளை மறந்திருக்க மாட்டார்கள்.

இத்துணை வலிய கோட்டை உடையவர் வண்ணத்தின் பக்கம் திரும்பியபோது கோட்டையே ஏறக்குறையக் கைவிட்டார். எனக்கு அது முதலில் இழப்பாகவே தோன்றிற்று. அந்த எண்ணெய் வண்ணப் படங்களில் மனிதரில்லை, மரமில்லை. பரந்த நிலமும் ஒளியும் நினைவுக்கு வருமாறு தடித்த வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும்.

இவ்வாறு அடுக்குவது எளிதன்று. எண்ணெய் வண்ணம் நீர் வண்ணம் போல ஈரம் வற்றி உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஈரத்தைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறினால் நாளடைவில் மேற்புறம் வெடிக்கும். பொறுத்திருந்து பூசினால், மேலுள்ள நீலத்தின் இடுக்கில் அடியிலுள்ள சிவப்பு கனன்றுகொண்டிருக்கும். அச்சிட்ட படத்தில் இந்த மேடுபள்ளம் தெரியாது. பத்திரிகையில் பார்த்துவிட்டு "வெறும் பூச்சு" என்று சொல்வோர்மீது குற்றமில்லை.

இந்த ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது. கைத்தறிக்குப் புதிய வடிவங்கள் வகுப்பதற்காக 1950களில் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. கே.ஜி. சுப்பிரமணியன் போன்ற ஓவியர்களும் நெசவுத் துறையில் பணிபுரிந்தவர்களே. ஓவியரின் கண் தறிக்குத் தேவை என்று அரசு உணர்ந்து சம்பளமும் கொடுத்தது. ஆனால் தறியில் அமர்ந்திருப்பவருக்கும் அதே கண் உண்டே, அதற்குக் கூலி யார் கொடுத்தார்? சேலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் நிற்கும் என்னும் அறிவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதனால்தான் இரு நூல் சிட்டங்களை அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, "வேலையைப் பார்" என்று தந்தையே அதட்டுகிறார்.

ஆதிமூலம் 2008 ஜனவரியில் மறைந்தார். பெற்றோர்களே, அடுத்த முறை சென்னைக்குச் செல்லும்போது அத்தகைய பிள்ளையைக் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமிக்கு அழைத்துச் செல்லுங்கள். யாருடைய கண்காட்சியாயினும் சரி. படத்தின் நேரெதிரே நிறுத்தாமல், சற்றுப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். "இது என்ன படம்?" என்று நீங்கள் கேட்க வேண்டாம். அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.