வெறுஞ்சுவருக்கு நம் கைவண்ணம்



வீட்டுத்திட்ட வீடுகளுக்குப் போகும்போது நான் அதிகம் கேட்கும் குறை சுவரைப் பற்றியதுதான். 2012இல் வடக்கு கிழக்கில் பரவலாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் வீடொன்றுக்கு 550,000 ரூபா கொடுத்தது. கூரை ஏறியதும் காசு முடிந்து, உள்ளே கல்லுச் சுவர் கல்லாகவே நிற்கும் வீடுகளை இன்றும் காண்கிறேன். "கடன் எடுத்துப் பூசட்டோ அக்கா?" என்று கேட்கிறார்கள். சுவருக்காகக் கிழமைக் கடன் எடுக்க வேண்டாம் என்பதே என் பதில்.

அடிப்பூச்சை மட்டும் மேசனிடம் விடுங்கள். மேற்பூச்சை நாமே செய்யலாம், அதுவும் அழகாக. கண்ணாடிபோல மட்டமாகப் பூசப் பழகிய கை வேண்டும். கோடும் மேடுபள்ளமுமாகப் பூசுவதற்கு அது தேவையில்லை. கை நடுங்கினாலும் அதுவும் கோலமாகிவிடும். கொழும்பு ஹோட்டல்களில் 'ரெக்ஸ்சர்' என்று பணம் கொட்டிச் செய்வது இதைத்தான். எங்கள் திருநெல்வேலிச் செம்மண்ணில் சாணம் குழைத்துச் சுவர் மெழுகிய அம்மம்மாமாரின் விரல் வளைவுகளும் இதே வேலைதான்.

பெண்கள் குழுவோடு ஓர் அறையில் செய்து பார்த்தோம். அரித்த மணல் மூன்று பங்கு, சீமெந்து ஒரு பங்கு. கடல் மணல் கூடாது, பிறகு உப்புப் பூக்கும். சுவரை நன்றாக நனைத்து, சாந்தகப்பையால் மெல்லியதாக அப்பி, இறுகுமுன் கோலம் போட வேண்டும். ஐஸ்கிரீம் பெட்டி மூடியைப் பல்லுப் பல்லாக வெட்டினால் சீப்புக் கோடு வரும். ஈரச் சாக்கை ஒற்றி எடுத்தால் நெசவு பதியும். தும்புத்தடியை வளைத்து இழுத்தால் அலை. ஒரு மணித்தியாலத்தில் முடிக்கக்கூடிய அளவுதான் குழையுங்கள். சீமெந்து தோலை அரிக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள். ஒரு கிழமைக்குத் தண்ணீர் தெளித்து வாருங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். அடுப்படிச் சுவருக்கு இது சரிவராது. கரியும் எண்ணெயும் பள்ளத்தில் ஏறினால் கழுவி மாளாது.

செல் துண்டு பட்ட குழிகள் உள்ள பழைய வீடுகளுக்கும் இது நல்லது. மட்டப்பூச்சில் ஒட்டுப்போட்ட இடம் தனியே தெரியும், இதில் தெரியாது. உதிரும் ஓரங்களைத் தட்டி, நனைத்து, குழியை நிரப்பி, அடுத்த நாள் மேலே பூசுங்கள். உள்ளே இரும்பு தெரிந்தால் நோண்ட வேண்டாம். வெடிக்காத பொருளோ என்று சிறு ஐயம் வந்தாலும் விலகி நின்று பொலிசுக்கு அறிவியுங்கள். ஒரு தாய், மகன் படுத்திருந்த பக்கத்துக் குழியை மட்டும் மூடவிடவில்லை. நாங்கள் அதைச் சுற்றிப் பூசினோம்.

குஜராத்தின் கச்சுப் பகுதிப் பெண்கள் களிமண்ணும் சாணமும் குழைத்து, சுவரில் திரித்து ஒட்டி, இடையே கண்ணாடித் துண்டு பதிப்பார்கள். 'லிப்பன்' என்பது அதன் பெயர். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் வீடுகள் நொருங்கிய மாவட்டம் அது. வேலை அழியவில்லை, பலகையிலும் செய்து விற்கிறார்கள்.

உங்கள் கையும் பழகினால் அயல்வீட்டுச் சுவரைக் கேட்டுச் செய்யுங்கள். "பொம்பிளைப் பிள்ளைதானே" என்று அரைக்கூலி நீட்டுபவர்கள் இருக்கிறார்கள். நாடாவால் அளந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்தபின்பே மணலைக் குழையுங்கள்.