வேர்க்கடலை மூச்சுக்குழாயில் சிக்கினால்... குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பது ஏன் இவ்வளவு சவால்?

"ஒரு வேர்க்கடலைதானே டாக்டர், சட்டுன்னு எடுத்துடலாமே?" ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கும் பெற்றோர் இப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால், கடலையை எடுப்பதைவிட அதை எடுக்கும்வரை குழந்தையை மூச்சுவிட வைப்பதுதான் பெரிய வேலை.

இதில் அதிகம் மாட்டுவது 1 முதல் 3 வயதுக் குழந்தைகள். கடைவாய்ப் பல் முழுசா முளைத்திருக்காது. வாயில் கடலையோடு ஓடும், சிரிக்கும். உள்ளே போன கடலை எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. ஈரத்தில் ஊறி உப்பும், சுற்றியுள்ள சவ்வையும் வீங்க வைக்கும்.

1897-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கில்லியன் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் மூச்சுக்குழாய்க் கிளையில் இருந்து பன்றி எலும்புத் துண்டை எடுத்தார். தொண்டையை மட்டும் மரத்துப்போக வைத்து, அவர் விழித்திருக்கும்போதே! இரண்டு வயதுக் குழந்தையிடம் 'அசையாம இரு' என்று சொல்ல முடியுமா? அதனால்தான் முழு மயக்கம்.

சிக்கலும் இங்கேதான். மற்ற ஆபரேஷன்களில் மூச்சுப்பாதை மயக்க மருந்து நிபுணரின் கட்டுப்பாட்டில் இருக்கும். இதில் அதே பாதையில்தான் பிராங்கோஸ்கோப் என்ற உலோகக் குழாயும் இடுக்கியும் போகணும். அந்தக் குழாய் வழியாகவே ஆக்சிஜனும் போகணும். மயக்கம் குறைந்தால் குழந்தை இருமும், குரல்வளை இறுகி மூடிக்கொள்ளும். கூடிவிட்டால் மூச்சே குறையும்.

குழந்தையைத் தானாக மூச்சுவிட விடுவதா, தசைகளைத் தளர்த்திவிட்டு வெளியிலிருந்து காற்றை அழுத்திச் செலுத்துவதா? டாக்டர்களிடையே நீண்டகால விவாதம் இது. முதல் முறையில் கடலை இன்னும் உள்ளே தள்ளப்படும் பயம் குறைவு. இரண்டாவதில் குழந்தை அசையாது. எது சரி என்பதைவிட, கடலையை எடுப்பவரும் மயக்க மருந்து கொடுப்பவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுப்பதுதான் முக்கியம்.

குழந்தை சீராக மூச்சுவிட்டால், வயிறு காலியாகும்வரை, அனுபவமுள்ள குழு வரும்வரை காத்திருப்பதும் உண்டு. பார்ப்பவர்களுக்கு அலட்சியம் மாதிரி தெரியும். அலட்சியம் இல்லை. மூச்சுத்திணறி உதடு நீலமானால் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ரொம்ப ஆபத்தான கட்டம், கடலை வெளியே வரும்போதுதான். இடுக்கியிலிருந்து நழுவி, குரல்வளைக்குக் கீழே நடுக்குழாயில் அடைத்துக்கொண்டால் இரண்டு நுரையீரலுக்கும் காற்று கிடையாது. மறுபடி பிடித்து இழுக்க முடியாவிட்டால், டாக்டர்கள் அதை வந்த வழியிலேயே திரும்ப ஒரு பக்கக் கிளைக்குள் தள்ளிவிடுவார்கள். இன்னொரு நுரையீரலாவது மூச்சுவிடட்டும் என்றுதான்.