70 வளைவு தாண்டி ஒரு மாத்திரை: எச்.ஐ.வி. ஆராய்ச்சி பாஸ் ஆகிடுச்சு... நாம?

கொல்லிமலைன்னு இன்ஸ்டாவில் தேடினால் முதலில் வருவது அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள்தான். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்து, பைக்கைச் சாய்த்துச் சாய்த்து மேலே ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை முன்னாடி ஒரு செல்ஃபி. வீக்எண்ட் ஓவர்.

அந்தச் செம்மேடு இருப்பது வாழவந்தி நாட்டில். கொல்லிமலையில் ஊராட்சிகளின் பெயர்களே இப்படி 'நாடு' என்றுதான் முடியும். இங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு இந்த 70 வளைவு ரீல்ஸ் கிடையாது. ரேஷன் தாண்டிய எந்தப் பெரிய தேவைக்கும், காலேஜுக்கும், கோர்ட்டுக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்கும் இறங்கி ஏற வேண்டிய பாதை.

இப்போது ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாழவந்தி நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் ஒரு குடும்பம். அவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. வீட்டில் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தினமும் ஒரு மாத்திரை போட்டால் போதும். மற்ற எல்லோரையும் போல நீண்ட நாள் வாழலாம். மாத்திரையும் இலவசம். ஆனால், அதை வாங்க நாமக்கல் போய் வர ஒரு முழு நாள் ஆகும். அன்றைய கூலி போச்சு. அதோடு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்கும் அந்தக் கேள்வி: "என்ன புள்ள, மாசாமாசம் ஆஸ்பத்திரி போற?"

எச்.ஐ.வி. பற்றிய இன்றைய விவாதம் மொத்தமும் அந்தக் கேள்வியில்தான் சிக்கிக் கிடக்கிறது என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

நாமக்கல்லுக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன கனெக்‌ஷன்?

எச்.ஐ.வி.யின் இந்தியக் கதை தொடங்கியதே தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். தன் வீட்டு ஃபிரிட்ஜில் அவற்றைப் பாதுகாத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் கொண்டுபோனார். அங்கே சி.எம்.சி.யில் செய்த பரிசோதனையில்தான் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன.

அடுத்த சில வருடங்களில் நாமக்கல் பெயர் அடிபடத் தொடங்கியது. காரணம், லாரி. பாடி கட்டும் பட்டறைகள், நாடு முழுக்க ஓடும் ஓட்டுநர்கள், மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்கும் வாழ்க்கை. 1995-ல் அமெரிக்க நிதியுதவியுடன் சென்னையின் வி.எச்.எஸ். நிறுவனம் தொடங்கிய 'ஏபேக்' திட்டம் லாரி ஓட்டுநர்களிடையே தீவிரமாக வேலை பார்த்தது. அந்த வேலை தேவைதான். ஆனால், கூடவே ஒரு முத்திரையும் விழுந்தது: "இது லாரிக்காரங்க வியாதி."

அந்த முத்திரை யாரை மறைத்தது தெரியுமா? வீட்டில் இருந்தவர்களை. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமியின் கதை இதற்குச் சாட்சி. லாரி ஓட்டுநரான உறவினரோடு கல்யாணம். கணவருக்குத் தொற்று இருந்தது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அவருக்கும் எச்.ஐ.வி. முடங்கிப் போகாமல், முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரானார். 1998-ல் எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்காக 'பாசிட்டிவ் விமென் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். அவர் கதையில் நோயைவிடப் பெரிய வில்லன், யாரும் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான்.

இந்த 40 வருஷத்தில் ஆராய்ச்சி என்ன கண்டுபிடித்தது?

சுருக்கமாகச் சொன்னால், கிட்டத்தட்ட எல்லாத்தையும்!

2011-ல் 'எச்.பி.டி.என். 052' என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து துணைக்கு இல்லாத 1,763 ஜோடிகள், 9 நாடுகள். சென்னையும் அதில் ஒரு களம். தொற்று இருப்பவருக்குச் சீக்கிரமே சிகிச்சை தொடங்கினால், துணைக்குப் பரவுவது 96% குறைகிறது என்று தெரிந்தது. மருந்து நோயாளியை மட்டும் காப்பாற்றவில்லை, வீட்டையே காப்பாற்றியது. 'சயின்ஸ்' இதழ் அந்த வருடத்தின் மிகப் பெரிய அறிவியல் சாதனையாக இதைத் தேர்ந்தெடுத்தது.

2016-ல் ஐரோப்பாவின் 'பார்ட்னர்' ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. மருந்தால் வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்த 888 ஜோடிகள். ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உடலுறவு. துணையிடமிருந்து பரவிய தொற்று, பூஜ்ஜியம். உலகம் இதை 'யு ஈக்வல்ஸ் யு' என்கிறது. நம் பாஷையில்: ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அது உடலுறவு மூலம் பரவாது. 'குறைவா பரவும்' கூட இல்லை. பரவாது, அவ்ளோதான்.

2004 முதல் இந்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. 2017 முதல், எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருக்காமல், தொற்று உறுதியானதுமே மருந்து. கைநிறைய மாத்திரை போட்ட காலம் போய், இப்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை.

அப்புறம் பிரச்சினை எங்கே?

மூன்று எண்களைப் பாருங்கள்: 81, 88, 97.

2023 நிலவரப்படி இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் 25 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் 81% பேருக்குத்தான் தொற்று இருப்பதே தெரியும். தெரிந்தவர்களில் 88% பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள். சிகிச்சையில் இருந்து பரிசோதிக்கப்பட்டவர்களில் 97% பேருக்கு வைரஸ் கட்டுக்குள் இருக்கிறது. 2025-க்குள் மூன்றுமே 95 ஆக வேண்டும் என்பது உலக இலக்காக இருந்தது.

கவனிச்சீங்களா? 97 என்பது மருந்து வாங்கிய மார்க். டிஸ்டிங்ஷன். 81-ம் 88-ம் மருந்தின் மார்க் கிடையாது, நம்ம மார்க். டெஸ்ட் எடுக்கப் பயப்படுகிறவர், எடுத்தபின் மையத்துக்குப் போகத் தயங்குகிறவர், நாலு மாதம் போய்விட்டு நின்றுவிடுகிறவர்... இவர்களெல்லாம் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள். இதில் நின்றுவிடுகிறவர் நிலைமை ரொம்ப ஆபத்து. மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால், அந்த மருந்துக்கே அடங்காத வைரஸ் உருவாக வாய்ப்பு உண்டு.

தரையில் இருப்பவருக்கு மையம் தூரமில்லை; கூட்டத்தில் முகமும் கலந்துவிடும். மலையில் ரெண்டுமே நடக்காது. மேலிருந்து நாமக்கல் 50 கிலோமீட்டருக்கு மேல். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தூரமும் தெரிந்த முகமும் சேர்ந்தால், அதுதான் 71-வது வளைவு.

பக்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் சரியாகிடுமா?

இதையும் ஆராய்ச்சி சோதித்துப் பார்த்திருக்கிறது. தென் ஆப்ரிக்கா, உகாண்டாவில் நடந்த 'டூ ஏ.ஆர்.டி.' ஆய்வின் முடிவுகள் 2020-ல் வெளியாயின. ஒரு குழுவுக்கு வழக்கம்போல கிளினிக்கில் மருந்து. இன்னொரு குழுவுக்கு அவர்கள் வசிக்கும் பகுதிக்கே வேனில் வந்து சிகிச்சை. வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் கிளினிக் குழுவில் 63%, வேன் குழுவில் 74%. ஆண்களிடம் வித்தியாசம் இன்னும் அதிகம்: 54-க்கு எதிராக 73. அதே மருந்து. மாறியது தூரம் மட்டும்தான்.

"அப்போ நம்மகிட்டதான் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கே, அதிலேயே கொடுத்துடலாமே?" என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 2021-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவருபவர் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர். சுகருக்கு அது பெரிய பலம். எச்.ஐ.வி.க்கு அதுவே பலவீனம். உள்ளூர் அக்கா வாசலில் வந்து மாத்திரை கொடுத்தால், வீடு தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர் கதவையே திறக்க மாட்டார்.

ஆக, 'வீட்டுக்கே டெலிவரி' என்ற ஒரே ஃபார்முலா இங்கே செல்லாது. தேவை, தேர்ந்தெடுக்கும் உரிமை. என் பார்வையில் மூன்று வழிகளும் திறந்திருக்க வேண்டும்.

ஒன்று, உடல்நிலை சீராக இருப்பவருக்கு ஒரே தடவையில் பல மாதங்களுக்கான மாத்திரை. வருடத்துக்குப் பன்னிரண்டு முறை இறங்கி ஏறுவதும் இரண்டு, மூன்று முறை போய் வருவதும் ஒன்றா?

இரண்டு, மலையிலேயே இருக்கும் அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், எல்லோரும் நிற்கும் அதே மருந்துக் கவுன்ட்டரில், எல்லோருக்கும் தரும் அதே மாதிரிக் கவரில் இந்த மாத்திரையும். தனி அறை, தனி போர்டு, தனி வரிசை எதுவும் வேண்டாம்.

மூன்று, "இல்லைங்க, நான் நாமக்கல்லிலோ சேலத்திலோ வாங்கிக்கிறேன், அங்கே என்னை யாருக்கும் தெரியாது" என்பவருக்கு அந்த வழி. தூரத்தையே பாதுகாப்பாக நினைப்பவரும் உண்டு. அவரை "பக்கத்துல இருக்கே, ஏன் இங்கே வர்றீங்க?" என்று கேட்கக் கூடாது.

கொஞ்சம் பேருக்காக இவ்வளவு செலவா?

நியாயமான கேள்விதான். ஆனால், எச்.பி.டி.என். 052 இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஒருவருக்கு ஒழுங்காகக் கிடைக்கும் மாத்திரை, அவருடைய துணைக்கும் பிறக்கப்போகும் குழந்தைக்கும் தடுப்பு. ஒரு தொற்றைத் தடுத்தால், ஒருவரின் வாழ்நாள் முழுக்க ஆகும் சிகிச்சைச் செலவு மிச்சம்.

அதோடு, இது கருணை கிடையாது, சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சிகிச்சை தரும் பொறுப்பை அரசுகளிடம் கொடுத்திருக்கிறது. சம்மதமில்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலும் படிப்பிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது.

அடுத்து ஊசி வருதாமே?

ஆமாம். பெயர் லெனகாபாவிர். இது தொற்று இல்லாதவர்களுக்கான தடுப்பு மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. 2024-ல் தென் ஆப்ரிக்கா, உகாண்டாவில் நடந்த ஆய்வில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டேரோ நிறுவனங்கள் இதன் ஜெனரிக் வடிவத்தை 2027 முதல் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 40 டாலருக்குத் தரப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

வருடத்துக்கு ரெண்டே ஊசி. மலைக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து வேற என்ன வேணும்? ஆனால், ஒரு கண்டிஷன். போடும் முன் டெஸ்ட் எடுத்து, தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதாவது, மறுபடியும் அந்த 81-ல் போய் நிற்கிறோம். டெஸ்ட் எடுக்கத் தயங்கும் ஊருக்கு எந்த ஊசியும் போய்ச் சேராது.

நாம என்ன பண்ணலாம்?

திட்டம் போடுவது அரசின் வேலை. அந்தத் தயக்கத்தைக் குறைப்பது நம்ம வேலையும்தான். "பரவாது" என்ற அந்த ஒற்றை வார்த்தையை எத்தனை பேரிடம் நாம் சொல்லியிருக்கிறோம்? ஆபீஸில் ஒருத்தர் மாத்திரை போடும்போது "என்ன டேப்லெட் இது?" என்று எட்டிப் பார்க்காமல் இருக்கலாம். வாட்ஸ்அப் குரூப்பில் எய்ட்ஸ் ஜோக் வந்தால், "இது காமெடி இல்லப்பா" என்று ஒரு வரி போடலாம். முடிந்தால் நாமே ஒருமுறை டெஸ்ட் எடுக்கலாம். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டு பார்த்திருப்பீர்கள். அங்கே பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், ரகசியம் காக்கப்படும். போனில் கேட்க 1097, இதுவும் இலவசம்.

அடுத்த முறை அந்த 70 வளைவில் வண்டி ஓட்டும்போது, எதிரே இறங்கி வரும் பஸ்ஸைப் பாருங்கள். அதில் ஒருவர் மாத்திரை வாங்கப் போய்க்கொண்டிருக்கலாம். பக்கத்து சீட்டுக்காரர் "எங்கே போற?" என்று கேட்டால், "நாமக்கல்லுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள முடியணும். அதற்கு மேல் அவரை யாரும் துருவக் கூடாது.