இயந்திரத்துக்குப் பெயர் உண்டு, ஏறிச் சென்றவர்களுக்கு?

கனடா நாடு 1954ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கைக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்த டீசல் புகையிரத இயந்திரங்களுக்குப் பெயர்கள் உண்டு. 569ஆம் இலக்கம் ஒன்ராறியோ. 570ஆம் இலக்கம் அல்பேர்ட்டா. 591ஆம் இலக்கம் மனிற்றோபா. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த இவ்வியந்திரங்களை ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரிலே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் கட்டினார்கள். எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும், இவற்றுள் எதற்கு எப்போது வர்ணம் மாற்றினார்கள், எது விபத்துக்குள்ளாயிற்று, எது பட்டறையிலே துருப்பிடித்துக் கிடக்கிறது, எது இன்னும் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதையெல்லாம் நாள் தவறாது குறித்து வைத்திருக்கும் அன்பர்கள் இந்நாட்டிலும் இருக்கிறார்கள்; கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறார்கள்.

அவர்களை எள்ளி நகையாடுவதற்காக இதனை எழுதவில்லை. நானுஓயாவின் விடியற்காலைப் பனியிலே, கையில் ஒளிப்படக் கருவியுடன், பதுளை வண்டியின் வருகைக்காக மேடையின் கோடியிலே பொறுமையோடு நிற்பவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். படம் எடுத்ததும் இயந்திரத்தின் இலக்கம், நாள், நேரம், இடம், வண்டியின் பெயர் அனைத்தையும் அங்கேயே எழுதிக்கொள்கிறார்கள். சட்டத் தொழில் செய்பவனுக்கு அந்த ஒழுங்கின் அருமை விளங்கும். நீதிமன்றத்திலே சான்றாக வைக்கத்தக்க ஒழுங்கு அது. நீலப் பெட்டியின் வாசலிலே தொங்கிக்கொண்டு, கொழுந்து பறிக்கும் நம் பெண்களை யார் எவர் என்று கேளாமலே படம் பிடித்துச் செல்லும் உல்லாசப் பிரயாணியின் பழக்கம் வேறு, இது வேறு.

என் கேள்வி வேறொரு பக்கத்தைச் சார்ந்தது. இரும்பு இயந்திரம் ஒன்றின் எழுபதாண்டு வரலாறு இத்தனை துல்லியமாகக் கிடைக்கும்போது, அந்த இயந்திரங்கள் இழுத்துச் சென்ற பெட்டிகளிலே தலைமன்னாருக்கு ஏற்றப்பட்ட நம் மக்களின் வரலாறு எங்கே? யார், எந்தத் தோட்டத்தார், எந்த நாளில், எந்த நிலையத்தில் ஏறினார்கள்? தொகை கேட்டால் இலட்சக் கணக்கில் விடை வரும். பெயர் கேட்டால் வாய் மூடிக்கொள்கிறது.

மலைப்பாதை நமக்காகப் போடப்பட்டதன்று என்பதை யாவரும் அறிவர். கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற துரைமாரின் அவசரமே 1867இல் கண்டி வரைக்கும் தண்டவாளத்தைக் கொண்டுவந்தது. கோப்பி நோய் கண்டு அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, பாதையும் மேலே ஏறிற்று. 1884இல் அட்டன், 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. 44 அடி ஓடினால் ஓரடி ஏறும் செங்குத்து. பாம்பு நெளிவதுபோன்ற வளைவுகள். பட்டிப்பொலையிலே ஆறாயிரம் அடிக்கும் மேலான உயரம். அதனை வெட்டியவர்களுள்ளும் தமிழகத்திலிருந்து வந்த கூலியாட்கள் பலர். அவர்களுடைய முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள். வழியிலே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 2023ஆம் ஆண்டில், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்து காட்டியது அந்தப் பாதையைத்தான். 1914இல் தலைமன்னார் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் தொடங்கிய பின்னர், வருவோர் வண்டியிலே வந்தார்கள்.

இந்த மலையிலே நீராவி இயந்திரம் பட்ட பாட்டை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். நிலக்கரி, தண்ணீர், பாரவண்டியானால் பின்னாலிருந்து தள்ள இன்னோர் இயந்திரம் என்று பல தேவைகள். டீசல் இயந்திரத்தின் உள்ளே நடப்பது வேறு. எண்ணெயில் ஓடும் எஞ்சின் ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது; அந்த மின்சாரம் அச்சுகளிலே பொருத்திய மோட்டார்களை ஓட்டுகிறது. புறப்படும் கணத்திலேயே முழு இழுவிசையும் கிடைப்பதால், செங்குத்திலே நின்ற வண்டியையும் நகர்த்த முடிகிறது. இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் 1955 முதல் புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராயிருந்த பி. டி. ரம்பல. கனடாவின் மொன்றியல் தொழிற்சாலையிலிருந்து 1975இல் எம்-4 வகையில் 14 இயந்திரங்கள் வந்தன; மேற்கு ஜெர்மனியின் ஹென்ஷல் நிறுவனத்திடமிருந்து 1979ஐ ஒட்டி எம்-6 வகை வந்தது. மலைப்பாதையின் இன்றைய சுமையிலே பெரும்பங்கு எம்-6இன் முதுகிலேதான்.

ஒன்ராறியோவும் அல்பேர்ட்டாவும் இலங்கைக்கு வரத் தொடங்கிய அதே 1954இன் சனவரியில், நேருவும் கொத்தலாவலையும் புதுடில்லியிலே உடன்படிக்கை செய்துகொண்டார்கள் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கனடா இயந்திரம் வந்து இறங்கியதும் இலங்கையின் சொத்தாயிற்று, இலக்கம் கிடைத்தது, பதிவேட்டிலே இடம் கிடைத்தது. இந்நாட்டிலேயே பிறந்த தொழிலாளியோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவனானான். 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 இந்தியாவுக்கு; 3,00,000 இலங்கைக்கு; எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் இந்திரா காந்தி அம்மையாரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்தை நிறுப்பதுபோல நிறுத்தார்கள் என்றால் மிகையாகுமா?

1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் அவ்வொப்பந்தம் செயலுக்கு வந்தது. அதன்பின் கப்பல் நின்றுபோன 1984 வரைக்கும் நம் மக்கள் வண்டி வண்டியாகப் போனார்கள். மலைப்பாதையிலே நீராவி மறைந்து டீசல் முழுமையாக ஆட்சிக்கு வந்ததும் இந்த ஆண்டுகளிலேதான். அட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை நிலையங்களிலே தகரப்பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக ஏறினார்கள். பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறை. அங்கிருந்து இராமானுஜம் கப்பல். அக்கரையிலே மண்டபம் முகாம். அன்று தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது தங்கவைத்த அதே மண்டபம் முகாம்! அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த குடும்பங்கள் மேடையிலே கட்டிப்பிடித்து அழுத ஓலத்தால் அவ்வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. அரசாங்கம் இட்ட பெயர்களான உடரட்ட மெனிக்கேயும் யாழ்தேவியும் நேர அட்டவணையிலே இருக்கின்றன. இந்தப் பெயர் எந்த அட்டவணையிலும் இல்லை.

அந்தக் கோச்சியைப் படமெடுத்தவர் யார்? நமக்கு அன்று ஒளிப்படக் கருவி ஏது? பெரும்பாலான குடும்பங்கள் தம் வாழ்நாளில் முதன்முதலாகப் படமெடுத்துக்கொண்டதே கடவுச்சீட்டுக்காகத்தான். என்னிடம் வழக்கு ஆலோசனைக்கு வருவோர் கொண்டுவரும் பழைய காகிதங்களுக்கிடையிலே, ஓரம் மடிந்த அந்தச் சிறு படங்களைக் காண்கிறேன். கேமராவைக் கண்டு விறைத்த முகங்கள். பின்புறத்திலே பெயரில்லை, தோட்டமில்லை, ஆண்டில்லை. “இது யார்?” என்று கேட்டால், “அப்பாவின் அக்கா என்று சொல்வார்கள், ஐயா” என்கிறார்கள். அந்த ‘சொல்வார்கள்’ என்ற சொல்லை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்?

ஒளிப்பட அன்பர்களின் துணை நமக்குத் தேவைப்படும் இடம் இதுதான். நீராவியின் கடைசி ஆண்டுகளையும் டீசலின் முதல் ஆண்டுகளையும் படமெடுத்தவர்கள் இயந்திரத்தின்மேல்தான் கண் வைத்தார்கள். ஆயினும் கருவியின் கண்ணுக்கு ஓரவஞ்சனை தெரியாது. அட்டன் மேடையிலே இயந்திரத்தைப் படமெடுத்தவர், பெட்டியருகே நின்ற கூட்டத்தையும் தம்மையறியாமலே எடுத்திருக்கக் கூடும். அவருக்கு அது படத்தைக் கெடுத்த கூட்டம்; நமக்கு அது சான்று. அத்தகைய படங்களை அவர்களிடம் கேட்டுப் பெறவேண்டும். மறுபுறம், நம் வீட்டுப் படமொன்றின் பின்னணியிலே இயந்திரத்தின் முகம் தெரியுமானால், அதன் காலத்தை அவர்களால் சொல்ல முடியும். எம்-4 வகை தெரிந்தால் அப்படம் 1975க்கு முந்தியதாக இருக்க முடியாது. எம்-6 தெரிந்தால் 1979க்கு முந்தியதாக இருக்க முடியாது. இலக்கமும் வர்ணமும் தெரிந்தால் இன்னும் நெருங்கலாம்.

இது வெறும் நினைவேக்கம், வயிற்றுப்பாட்டுக்கு உதவாது என்று கூறுவோர் இருப்பார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. அந்த நாளிலே நம் குடும்பம் இங்கேதான் இருந்தது என்பதைக் காட்டுவதற்கு என்ன வேண்டும்? காகிதம் வேண்டும். போரின்போது வன்னியிலிருந்து தமிழ்நாட்டு முகாம்களுக்குத் தப்பியோடிய மலையக வம்சாவளியினரிடம் போய்க் கேளுங்கள், ஒரு துண்டுக் காகிதத்தின் விலை என்னவென்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவு நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலே வீடுகளை வாரிக்கொண்டு போனபோது, எத்தனை தகரப்பெட்டிகள் போயின, அவற்றோடு எத்தனை பிறப்புச் சான்றுகளும் படங்களும் போயின!

சட்டத்தின் வழியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு நாளும் குறித்தாயிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் புகையிரதத் திணைக்களத்திடம் கேட்கலாம்: தலைமன்னாருக்கு ஓடிய விசேட வண்டிகளின் அட்டவணைகள், நிலையக் குறிப்பேடுகள் எவை உங்களிடம் இருக்கின்றன? 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கையிருப்பிலிருந்த பதிவுகளைக் குறைந்தது பத்தாண்டுகள் பேணுமாறு பணிக்கிறது. நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். பத்தாண்டு நிறைவது 2027 பெப்ரவரியில். மறுநாளே தீ வைத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சுவடிகள் பற்றிய வேறு சட்டமும் இருக்கிறது. இச்சட்டத்தின் கட்டாயம் அந்நாளோடு தளரும் என்பதையே சொல்கிறேன். ஆகவே விண்ணப்பம் அதற்கு முன்னர் போய்ச்சேர வேண்டும். தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி போகவேண்டும். ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளுமாகிய நம்மால் முடியாத வேலையா இது?

இரண்டாவது, கடுகண்ணாவையிலே 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட தேசியப் புகையிரத அருங்காட்சியகம். பழைய இயந்திரங்கள் அங்கே வர்ணம் பூசி நிறுத்தப்பட்டிருக்கின்றன; பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள், நல்ல இடம். அங்கே ஒரேயொரு மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு இடம் கேட்போம். அதன் உட்சுவரிலே ஒப்பாரிக் கோச்சியில் போனவர்களின் படங்களும் பெயர்களும் இருக்கட்டும். மனிற்றோபா இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26இல் பெரலியவிலே ஆழிப்பேரலை அதன் வண்டியைப் புரட்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இயந்திரத்தைச் செப்பனிட்டு, அலையின் உருவத்தை அதன் பக்கத்திலே தீட்டி, மறுபடி ஓடவிட்டார்கள். மக்களின் துயரத்தை ஓர் இயந்திரத்தின் உடலிலே எழுதிவைக்கத் திணைக்களத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. நாம் கேட்பது புதுமையன்று.

மூன்றாவது நம் கையிலேயே இருக்கிறது. 1977, 1983 ஆண்டுகளின் வன்செயலுக்குப் பின் மலையைவிட்டு இறங்கி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் கமம் செய்த குடும்பங்கள் பல. இப்பத்திரிகையை வாசிக்கும் விவசாயப் பெருமக்களுள் அவர்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். நீலகிரியிலே, கூடலூரிலும் கோத்தகிரியிலும், அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலே ‘சிலோன்காரர்’ என்று இன்றும் அழைக்கப்படுவோர் நம் உறவினரே. அவர்களுக்கு எழுதுங்கள். பெட்டியைத் திறந்து படங்களை வெளியே எடுங்கள். எழுபதும் எண்பதும் கடந்த பாட்டிமார் உயிரோடிருக்கும்போதே பக்கத்தில் அமர்ந்து, இது யார், எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த நிலையத்தில் ஏறினார்கள், தேயிலை கவ்வாத்து நடந்த காலமா, தீபாவளிக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கும் பருவம் நினைவிருக்கும். கேட்டதைப் படத்தின் பின்புறத்திலே அன்றைக்கே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும், கேட்ட நாளையும் சேர்த்து எழுதுங்கள். பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை ஈரத்தில் ஊறி மறுபக்கத்து முகத்துக்கு வந்துவிடும்.